பீலிக்ஸ் கேட்ட கேள்விகள்

மொனிகா வெள்ளைச் சட்டையின் கொலரை அயன் பண்ணிக்கொண்டிருந்தபோது கிறிகோரி படியேறி வந்தார். கோயில் பங்குத் தமிழரின் செத்தவீடுகளுக்கு ஓடித்திரிபவர் அவர்தான். பத்து மணிக்குள் உடுப்பை ஆஸ்பத்திரிப் பிணவறையில் கொடுக்க வேண்டும். அவளுடைய அப்பா பீலிக்ஸ் நேற்று மத்தியானம் இறந்திருந்தார்.

"நிமோனியா இப்பிடி ஆளைக் கொண்டுபோகுமே பிள்ளை? ஸ்ஃபெர்ராகவால்லோ மீன்துறையிலை அவ்வளவு பெரிய மீன்சட்டியளைத் தூக்கின மனுசன்."

"கொஞ்சம் பிந்திப்போச்சு மாமா."

உடுப்புப் பையோடு அவர் இறங்கிப் போனார்.

மூன்று வருடமாக மொனிகா பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் எச்.ஐ.வி.யோடுதான் வேலை செய்கிறாள். அந்த வைரஸ் ஒரு நோயெதிர்ப்புச் செல்லுக்குள் புகுந்ததும் அதன் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகளை உள்ளே இழுத்து அழித்துவிடும். அந்தச் செல் கெட்டுவிட்டது என்று உடம்பின் காவலுக்குத் தெரியவராது. அந்த இழுப்பைத் தடுக்கும் சேர்மங்களைச் சோதிப்பது அவள் வேலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பீலிக்ஸ் மீன் வெட்டிக்கொண்டே கேட்பார்.

"உங்கடை மருந்து போட்டால் அதெல்லாம் திரும்ப மேலை வந்து நிக்குமோ?"

"நிக்கும் அப்பா. ஆனா தட்டிலை வளத்த செல்லிலை மட்டும். மனுசருக்கு வர இன்னும் கனகாலம்."

"அப்ப வருத்தக்காரர் என்ன செய்யிறது?"

"அவைக்கு இப்பவே குளுசை இருக்கு. ஒழுங்கா எடுத்தால் கிழவனாகும்வரை இருக்கலாம்."

மகளின் படிப்பில் தகப்பனுக்கு உள்ள பெருமை என்றே அவள் நினைத்தாள்.

நேற்றுக் காலை அவர் ஒட்சிசன் முகமூடியை விலக்கினார்.

"எனக்கும் அதுதான் பிள்ளை. நாலு வருசம். இரத்தம் குடுக்கப்போன இடத்திலை சொன்னவை."

"ஏனப்பா குளுசை எடுக்கேல்லை?"

"கிளினிக்கிலை மொழிபெயர்க்க நிண்டது எங்கடை பங்குப் பொம்பிளை. வாசலோடை திரும்பீற்றன்." நெடுநேரம் மூச்சு வாங்கினார். "அம்மாவுக்கு நீ சொல்லு. உனக்குத்தான் விளங்கப்படுத்தத் தெரியும்."

கிறிகோரி போன பிறகு மொனிகா குசினிக்குப் போனாள். அம்மா ஸ்ரெல்லா மேசையில் கோப்பியோடு இருந்தாள். மொனிகா எதிரில் உட்கார்ந்து சொன்னாள். ஏற்பி, சேர்மம் ஒன்றும் வாயில் வரவில்லை. நோயின் பெயரையும், அம்மாவும் இரத்தம் சோதிக்க வேண்டும் என்பதையும் மட்டும் சொன்னாள்.

கீழே பல்லரோச் சந்தையில் ஒரு மீன்காரன் நீட்டி நீட்டிக் கூவினான்.

"எங்கையிருந்தாம் தொத்தினது?"

"நான் கேக்கேல்லை அம்மா."

ஸ்ரெல்லா கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். "நாலு வருசமா ஹோலிலைதான் படுத்தவர். தான் குறட்டை விடுறாராம், என்ரை நித்திரை குழம்புமாம்." பிறகு மெல்லச் சொன்னாள். "அவர் குறட்டை விடுறேல்லை."

"எண்டாலும் சோதிக்கோணும். நாளையிண்டைக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

"அங்கை மொழிபெயர்க்க ஆர் நிப்பினம்?"

"நான் நிப்பன்."

வாசல் மணி அடித்தது. ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஸ்ரெல்லா எழுந்து, வருபவர்களுக்காகக் கழுவி அடுக்கியிருந்த கோப்பைகளை எண்ணாமல் தட்டில் வைத்தாள். தன்னுடையதை மட்டும் எடுத்துப்போய், பாதிக் கோப்பியோடு, தனியே யன்னல் விளிம்பில் வைத்தாள்.

மொனிகா அதை எடுத்து மிச்சத்தைக் குடித்தாள். ஆறியிருந்தது. கோப்பையைக் கழுவி மற்றவற்றோடு வைத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போனாள்.