ராஜாவின் குதிகால்

பள்ளி நாடகத்துக்கு விளக்குப் போடக் கற்றுக்கொள்ள ஆரம்பித்ததிலிருந்து அக்காவின் அலட்டல் தாங்கவில்லை. சாப்பிடும்போதுகூட என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "நேரா மட்டும் லைட் போட்டா மூஞ்சி தட்டையாத் தெரியும். பக்கத்துலேர்ந்தும் ஒண்ணு வேணும்" என்பாள். சோறு வாயிலேயே நிற்கும்.

நாடகத்தில் நான்தான் ராஜா. ஒத்திகையில் என் இடத்தில் போய் நின்றேன். வெளிச்சம் கிரீடத்தோடு நின்றுவிட்டது, முகத்துக்கு இறங்கவில்லை. நுனிக்காலில் எம்பினேன். விளக்கின் சூடு கன்னத்தில் பட்டது. அப்படியே நின்று வசனத்தைப் பேசி முடித்தேன்.

அக்கா மேடைக்கு வந்தாள். "ராஜா ஏன்டி தள்ளாடுறாரு?"

"மூஞ்சிக்கு லைட் எட்டல. எம்பி நின்னேன்."

"வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"நீ வெச்ச லைட்டாச்சே. எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது?"

அக்கா என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏணியை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"நெட்டையை நிக்கவெச்சு லைட்டைத் திருப்பினேன்" என்றாள் மேலிருந்து. நெட்டை அவளுடைய சிநேகிதி. நான் அவள் தோளுக்குக்கூட வரமாட்டேன். "உன்னைக் கூப்பிட்டிருக்கணும். குதிகாலைக் கீழ வைடி."

வைத்தேன். திருகாணியைத் தளர்த்தி விளக்கை மெல்லச் சாய்த்தாள். வெளிச்சம் நெற்றிக்கு வந்தது, கண்ணுக்கு வந்தது, தாடையில் வந்து நின்றது.

"கண்ணு கூசுதா?"

"கூசுது."

"அப்ப சரி" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.