தப்பு வீடு, எடுத்துட்டுப் போ

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இதை நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்ல வேண்டாம். தரைத்தளத்தில், மாடிப்படியை ஒட்டினாற்போல் என் வீடு. முன்னறையில் தையல் மெஷின். கட்டடத்தில் இருபது வீடு இருந்தாலும் பார்சல் கொண்டு வருகிறவன் கண்ணில் படுவது என் வாசல் மட்டும்தான். அவன் தலையில் ஹெல்மெட் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை, அதனால் ஹெல்மெட் என்றே பெயர் வைத்துவிட்டேன். பெட்டியை மிதியடியில் வைப்பான், போனில் ஒரு படம் எடுப்பான், மணியை நாலு தடவை அடிப்பான், நான் துணியைப் போட்டுவிட்டு எழுந்து வருவதற்குள் மாயமாகிவிடுவான். அதற்காகவே சிவப்பு மார்க்கரில் எழுதிக் கதவில் ஒட்டினேன். ‘மணியை ஒரு தடவைக்கு மேல் அடிக்காதே.’ அடியில் மூன்று கோடு.

மாதம் ஒரு பெட்டி நாலாவது மாடி கண்டக்டருக்கு வரும். பஸ்ஸில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்து ஓய்வுபெற்றவர், தனியாள். வெளியூரில் இருக்கும் மகள் அவருடைய இதய மாத்திரையை ஆர்டர் போட்டு அனுப்புவாள். அது என் வாசலில் வந்து விழும். பெட்டி வரும் வாரத்தில் பகல் பதினொன்று நாற்பதுக்கு அவர் மேல்படியில் நின்று இரும்புக் கைப்பிடியில் காசால் தட்டுவார். கம்பி வழியாகச் சத்தம் என் கதவுவரை இறங்கி வரும். ஒரு டிங் என்றால் நிறுத்து, ரெண்டு டிங் என்றால் போகலாம். பஸ் புத்தி போகவில்லை.

“டெய்லரம்மா, நம்ம பொட்டி வந்துச்சா?”

லிப்டில் ஏறிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வாங்கிக்கொண்டு ரெண்டு டிங் அடிப்பார். “ரைட், போலாம்!” எனக்குச் சிரிப்பு வரும், காட்டிக்கொள்ள மாட்டேன்.

அந்த வாரம் லிப்ட் கெட்டுப்போயிருந்தது. பள்ளிக்கூடம் திறக்க நாலே நாள், அறுபது சட்டைக்குக் காலர் வைக்க வேண்டும். எனக்கு முழங்கால் வலி வேறு. திங்கட்கிழமை மணி நாலு தடவை அடித்தது. போய்ப் பார்த்தால் கண்டக்டரின் பெட்டி. எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ! நான் என்ன இந்தக் கட்டடத்துக்கே வேலைக்காரியா? மார்க்கரை எடுத்துப் பெட்டி மேலேயே எழுதினேன். ‘தப்பு வீடு. எடுத்துட்டுப் போ.’ மூன்று கோடு போட்டேன். ஹெல்மெட் வந்து எடுத்துக்கொண்டு மேலே ஏறட்டும், ஒருநாளாவது அவன் கால் வலிக்கட்டும் என்று மிதியடியிலேயே விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பதினொன்று நாற்பதுக்கு டிங் என்று கேட்டது. ஒன்றுதான். கொஞ்ச நேரம் விட்டு இன்னொன்று. குரல் வரவில்லை. “தட்டட்டும், தட்டட்டும்” என்று சொல்லிக்கொண்டே மெஷினை மிதித்தேன். புதன்கிழமையும் தட்டினார். சத்தம் மெலிந்திருந்தது, ஆனால் விடாமல் வந்தது. எழுந்து கதவை இழுத்துச் சாத்தினேன். சாத்தினேன் என்பதை முழுசாகச் சொல்ல வேண்டும். வாசலில் பெட்டி இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டேதான் சாத்தினேன்.

சாயங்காலம் பெட்டியைக் காணோம். அப்பாடா, ஒருவழியாக மேலே கொண்டுபோய்விட்டான் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை நாலாவது மாடி எதிர்வீட்டுக்காரர் கதவை உடைத்தார். கண்டக்டர் வாசற்கதவுக்கு உள்பக்கம் விழுந்து கிடந்தாராம். மேஜையில் காலி மாத்திரை அட்டை, கையில் ஒரு காசு.

மாத்திரை இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா? டாக்டர் அதைச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. மறுநாளிலிருந்து பதினொன்று நாற்பதுக்குக் கைப்பிடியில் ஒரு டிங் கேட்கிறது. முதல் நாள் ஓடிப்போய்ப் பார்த்தேன். படியில் ஈ காக்கா இல்லை. தண்ணீர்க் குழாயாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பதினொன்றரைக்கே மெஷினை வேகமாக ஓட்டிப் பார்த்தேன். அறுபது சட்டையும் முடிந்துபோயிருந்தது, வெறும் மெஷினை ஓட்டினேன். அப்படியும் கேட்டது.

மூன்று வாரம் கழித்து மகள் வந்தாள், வீட்டைக் காலி பண்ண. கட்டில், நாற்காலி, ஒரு மூட்டைத் துணி எல்லாவற்றையும் கேட் ஓரமாக அடுக்கினாள், பழைய சாமான் வண்டி வந்து எடுத்துப்போவதற்காக. மூட்டைக்கு மேலே காக்கிச் சட்டை ஒன்று மடித்து இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்கவும் முடியவில்லை. பிறகு அவள் என் கதவுக்கு வந்தாள். மணியை ஒரே ஒரு தடவை அடித்தாள்.

“நீங்கதானே டெய்லர் ஆன்ட்டி? அப்பா போன்ல எப்பவும் உங்களைப் பத்திதான் பேசுவார். கோபக்காரி, ஆனா தங்கமான மனசு, கம்பியைத் தட்டினா போதும், பெட்டியோட மேலே வந்துருவாங்கன்னு சொல்வார்.”

அவள் போனை நீட்டினாள். ஹெல்மெட் எடுத்த படம். என் மிதியடி, அதன் கிழிந்த மூலை, மேலே பெட்டி. எழுத்து எதுவும் இல்லாத வெறும் பெட்டி.

“இந்தக் கடைசிப் பெட்டி மட்டும் அப்பா கைக்குப் போகல ஆன்ட்டி. இது உங்க வாசல்தானே? நீங்க பாத்தீங்களா?”

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

“நான் பாக்கலம்மா. வச்சிட்டு ஓடிருவான். யாராவது தூக்கிட்டுப் போயிருப்பாங்க.”

“அப்படித்தான் இருக்கும்” என்றாள். கண் கலங்கியது. “நானே வந்து குடுத்திருக்கணும். மாசம் ஒரு தடவை வர முடியாதா என்ன? தப்பு என் மேலதான்.”

அந்தப் பெண் என் பழியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறாள், நான் தூண் மாதிரி நிற்கிறேன். அப்போதுதான் கேட்டைத் தள்ளிக்கொண்டு ஹெல்மெட் வந்தான்.

“அக்கா, திட்டாதீங்க. அன்னிக்கு லிப்ட் இல்லைன்னு ஆபீசுக்கே திருப்பி எடுத்துட்டுப் போயிட்டேன். அங்கே சுத்தி இங்கே சுத்தி மறுபடி என்கிட்டயே குடுத்துட்டாங்க. கம்ப்யூட்டர்ல உங்க வாசல்தான் காட்டுது.”

பெட்டியை மிதியடியில் வைத்தான், படம் எடுத்தான், போய்விட்டான். மூலைகள் நசுங்கியிருந்தன. மேலே சிவப்பு எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. ‘தப்பு வீடு. எடுத்துட்டுப் போ.’ மூன்று கோடு.

அவள் குனிந்து அப்பாவின் பெயரைப் படித்தாள். சிவப்பு எழுத்தைப் படித்தாள். நிமிர்ந்தபோது என் கதவில் ஒட்டியிருந்த காகிதம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. அதையும் படித்தாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு வந்தது அது ஒன்றுதான். அவள் தணிந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்பா தட்டினாரா ஆன்ட்டி?”

“தட்டினார்.”

“உங்களுக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சும்மா. ரெண்டு நாளும் கேட்டுச்சு.”

தலையை ஆட்டிக்கொண்டாள். பெட்டியைத் தொடவில்லை. கேட் ஓரம் போய் மூட்டை மேலிருந்த காக்கிச் சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பழைய சாமான் வண்டி வந்து மற்றதையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. பெட்டி என் வாசலிலேயே கிடந்தது. யாரும் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லி நானும் எழுதவில்லை.

லிப்டைச் சரிபண்ணிவிட்டார்கள். நான் அதில் ஏறுவதில்லை. பதினொன்று நாற்பதுக்கு டிங் என்றதும் பெட்டியை எடுத்துக்கொண்டு படியேறுகிறேன். நாலு மாடி. முழங்கால் வலியில் உயிர் போகிறது. பூட்டிய கதவுக்கு முன்னால் பெட்டியை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், ரெண்டு டிங் வரட்டும் என்று. வருவதில்லை. மறுபடி கீழே எடுத்து வந்து மிதியடியில் வைக்கிறேன்.