இருபத்தைந்தாவது ஆள்

மேலவையில் உட்காருகிறவர்கள் பெரிய மனிதர்கள் என்பது அவர்களுடைய நாற்காலிகளைப் பார்த்தாலே தெரியும். கருஞ்சிவப்பு வெல்வெட், தலைக்கு மேல் ஒரு சாண் எழும்பி நிற்கும் முதுகு, கை வைக்க வழுவழுவென்று இழைத்த மரம். அந்த வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு நாட்டின் பாரத்தை அந்த நாற்காலிகள்தான் சுமந்துகொண்டிருந்தன. ஆட்களில் பாதிப்பேர் ஊருக்குப் பெட்டி கட்டிவிட்டார்கள். மீதியில் பாதி கேன்டீனில் இருந்தது.

பார்வையாளர் மாடத்தின் பலகையில் உட்கார்ந்திருந்த கண்டக்டரம்மா கீழே ஒரு பார்வை விட்டார். பத்தொன்பது. இருபத்தெட்டு வருஷம் பேருந்தில் டிக்கெட் கிழித்தவருக்குத் தலை எண்ண விரல் தேவையில்லை. ஓய்வு பெற்ற மறு வாரமே, இந்த அவையில் உறுப்பினரான தன் அக்காவுக்கு உதவியாளராகச் சேர்ந்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க இந்தக் கட்டிடத்தின் சந்துபொந்தெல்லாம் அளந்து வைத்திருந்தார்.

அக்கா கீழே மூன்றாவது வரிசையில், ஊசி போடப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முப்பத்தோரு வருஷம் அரசு மருத்துவமனை நர்ஸ். நியமன உறுப்பினராகி ஆறு வருஷம். இந்த மாதக் கடைசியோடு பதவிக்காலம் முடிகிறது. கையில் ஒரு பக்க மசோதா. அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருப்பவருக்கு, கட்டிலுக்கு ஒன்றாக, முதுகு சாய்கிற நாற்காலி போட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

அதற்கு ஒரு கதை உண்டு. அக்காவின் வார்டில் மனைவிக்குத் துணையிருந்த ஒருவர், மூன்றாம் நாள் தூக்கக் கலக்கத்தில் ஸ்டூலிலிருந்து விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டார். அவரைப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். அவருக்குத் துணைக்கு யார்? அவருடைய அண்ணன் வந்தார். அதே ஸ்டூல்.

தனிநபர் மசோதாக்களைக் குலுக்கல் போட்டுத்தான் எடுப்பார்கள். ஆறு வருஷமாக வராத அக்காவின் சீட்டு இந்த வாரம் வந்துவிட்டது. நிகழ்ச்சிப் பட்டியலில் கடைசி வரி.

"வெள்ளிக்கிழமை, கடைசி ஐட்டம். யாருடி இருப்பா?" என்றார் அக்கா காலையில்.

"கடைசி பஸ்ஸா இருந்தா என்னக்கா? ஊர் போய்ச் சேருதா இல்லையா?"

சேர்ந்துவிட்டால் போதும். விவாதம் தொடங்கிவிட்டால் மசோதா அவையின் சொத்து. அமைச்சர் எழுந்து பதில் சொல்லியே ஆக வேண்டும். தொடங்காவிட்டால் அது அக்காவின் சொத்து; மாதக் கடைசியில் அக்காவோடு வீட்டுக்கு வந்து பரணில் ஏறிவிடும்.

அவைத் தலைவர் அக்காவை அழைத்தார். அக்கா எழுந்து கண்ணாடியைச் சரிசெய்தார். அதே நேரத்தில் முதல் வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

விதிப்புலியின் கை. ஆளுங்கட்சிக்காரர். விதிப்புத்தகம் இல்லாமல் குளியலறைக்குக்கூடப் போகமாட்டார் என்பார்கள். நாற்காலி விவகாரத்தில் பதில் சொல்ல அமைச்சருக்கு விருப்பமில்லை என்பதை நேற்றே அவர் காதில் போட்டிருந்தார்கள்.

"தலைவர் அவர்களே, அவையில் கோரம் இல்லை. இருபத்தைந்து பேர் இருந்தால்தான் இது அவை. நான் எண்ணிவிட்டேன். பதினெட்டுப் பேர்தான்."

பதினெட்டா? கண்டக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். மறுபடி எண்ணினார். தலைவரையும் சேர்த்துப் பத்தொன்பது. உடனே புரிந்தது, சிரிப்பும் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாக் கண்டக்டரும் செய்கிற தப்பு. எண்ணுகிறவன் தன்னை எண்ண மறப்பான்.

மணி அடிக்கத் தொடங்கியது. ஐந்து நிமிஷம் கட்டிடம் முழுக்க அடிக்கும். அது நிற்பதற்குள் ஆள் சேராவிட்டால் அவை கலையும். அக்கா இடத்தைவிட்டு நகர முடியாது. மசோதாக்காரர் வெளியே போனால் மசோதாவும் போய்விடும். அக்கா நிமிர்ந்து மாடத்தைப் பார்த்தார். தங்கையின் இடம் காலி. செருப்புச் சத்தம் மட்டும் படியில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆறு பேர் வேண்டும். முதலில் கேன்டீன். மூன்று உறுப்பினர்கள் டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வண்டி கெளம்புது! ஏறுங்க, ஏறுங்க!"

அந்தக் குரலுக்கு என்ன வசியமோ, மூன்று பேரும் எழுந்து நடந்துவிட்டார்கள். வாசல் வரை போன பிறகுதான் ஒருவர், "என்ன வண்டி?" என்றார்.

"நர்ஸம்மா வண்டி. நேரா போங்க சார், உள்ள எடம் நெறைய இருக்கு."

அடுத்து முடிதிருத்தும் அறை. ஓர் உறுப்பினருக்கு ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது, மறு கன்னத்தில் நுரை.

"பாதியில எப்படிம்மா வர்றது?"

"உங்களோட பேச்செல்லாம் முழுசாவா முடிஞ்சிருக்கு சார்? வாங்க. தோள்ல இருக்கற துண்டு சால்வை மாதிரிதான் இருக்கு."

நூலகத்தில் ஒருவர் செய்தித்தாளைக் கூடாரமாகப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். கண்டக்டரம்மா காதருகே குனிந்து, "ஸ்டாப்பிங் வந்தாச்சு," என்றார். அவர் சட்டென்று எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கத் தயாரானார். அவரைக் கையைப் பிடிக்காத குறையாக அவை வாசலில் கொண்டுவந்து விட்டாயிற்று.

ஐந்து பேர். பத்தொன்பதும் ஐந்தும் இருபத்துநாலு. மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

அப்போது நடைபாதையின் கோடியில் பீரோ தெரிந்தார். உடம்பைப் பார்த்து வைத்த பெயர். மனிதர் நல்லவர், எங்கே போனாலும் நடுவில்தான் நடப்பார், வேறு வழியில்லை.

"சார்! நீங்கதான் லாஸ்ட்டு! சீக்கிரம்!"

"ஓடினா கட்டடம் ஆடும்மா," என்றார் பீரோ. ஆனாலும் ஓடினார்.

உள்ளே விதிப்புலி நிம்மதியாக எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்துமூன்று. வாசலில் பீரோவின் நிழல் விழுந்தது. இருபத்துநாலு. பரவாயில்லை, ஒன்று குறைகிறதே என்று புன்னகைத்தவர், தன் கால்களைக் குனிந்து பார்த்தார். அந்தக் கால்கள் அவைக்குள் இருந்தன. புன்னகை செத்தது. விதிப்புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, பெரிய மனிதர்கள் ஓடக்கூடாது என்பதால், மிக வேகமாக நடந்தார்.

வாசலில் பீரோ உள்ளே வர, விதிப்புலி வெளியே போக, கதவு அகலம் ஒன்றரை ஆளுக்குத்தான் இருந்தது. ஒன்றரையும் பீரோவே.

"கொஞ்சம் வழி விடுங்க!" என்றார் விதிப்புலி.

உறுப்பினர் அல்லாதவர்கள் தாண்டக்கூடாது என்று வாசலில் பதித்திருந்த பித்தளைக் கோட்டுக்கு வெளியே, ஓர் அங்குலம்கூடத் தாண்டாமல் நின்றபடி கண்டக்டரம்மா குரல் கொடுத்தார். "ஏறுறவங்க ஏறட்டும் சார், அப்புறம் எறங்கலாம். பீரோ சார், படியில நிக்காதீங்க, உள்ள போங்க, இன்னும் உள்ள!"

பீரோ உள்ளே போனார். அவர் தள்ளியதில் விதிப்புலியும் பின்பக்கமாகவே நாலடி உள்ளே போனார். மணி நின்றது. வாசல் காவலர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"திறப்பா! எனக்கு அவசர வேலை இருக்கு."

"மணி நின்னா எண்ணி முடியற வரைக்கும் கதவு தெறக்கக் கூடாது சார்."

"எந்த விதியில இருக்கு?"

"நீங்க போன வருஷம் கொண்டுவந்த திருத்தம்தான் சார்," என்றார் காவலர் பணிவாக.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் விதி எண்ணோடு கெட்டது.

கண்டக்டரம்மா மூச்சு வாங்க மாடத்துக்கு ஏறியபோது செயலர் எண்ணி முடித்திருந்தார். தலைவர் அறிவித்தார்: "இருபத்தைந்து. கோரம் இருக்கிறது. உறுப்பினர் தொடரலாம்."

அக்கா எழுந்தார். ஸ்டூல் கதையைச் சொன்னார்; அண்ணன் வந்த இடத்தில் நுரைக் கன்னக்காரர்கூடச் சிரிக்காமல் கேட்டார். பன்னிரண்டே நிமிஷம், ஒரு வார்த்தை அதிகமில்லை. மாடத்தில் தங்கை பலகையின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். இந்த அக்காவா மாத்திரை விழுங்க மாட்டேன் என்பவனிடம் மட்டும் சத்தம் போட்டுப் பேசிப் பழகியவர்!

அடுத்து எழுந்தவர் விதிப்புலி. தொலைக்காட்சிக் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற கேமராவை வீணாக்குவது அவர் வழக்கமில்லை.

"இவ்வளவு முக்கியமான மசோதா காலி நாற்காலிகளுக்கு முன்னால் வரக்கூடாது என்றுதான் நான் கோரம் கேட்டேன். இன்று இந்த அவை நிரம்பியிருக்கிறதென்றால்..." என்று நெஞ்சில் கை வைத்தார். நாலு பேர் மேசையைத் தட்டினார்கள். நூலகத்துக்காரர் தூக்கத்தில் தட்டினார்.

மாடத்தில் கண்டக்டரம்மாவுக்கு ரத்தம் கொதித்தது. அக்காவுக்கு அது கொதிக்கவே இல்லை.

"மதிப்பிற்குரிய உறுப்பினர் சொன்னது முழுக்க உண்மை," என்றார் அக்கா. "இருபத்துநாலு பேர்தான் இருந்தோம். அவர் கிளம்பிப் போகவிருந்த கடைசி நொடியில், மனது மாறி, எங்களுக்காகத் திரும்பி வந்தார். அதுவும் பின்பக்கமாகவே நடந்து வந்தார். இந்த அவையின் இருபத்தைந்தாவது ஆளுக்கு என் நன்றி பதிவாகட்டும்."

பீரோ குலுங்கிச் சிரித்ததில் நாற்காலி முனகியது. தலைவர் தண்ணீர்க் கோப்பைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு, "பதிவாகட்டும்," என்றார். பிறகு அமைச்சர் எழுந்தார். எழுந்துதானே ஆக வேண்டும். பரிசீலிக்கப்படும் என்றார். எப்போது என்று தலைவர் கேட்டார். அடுத்த கூட்டத்தொடருக்குள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. குறிப்பெழுதுபவரின் விரல்கள் அதையும் தட்டி உள்ளே போட்டன.

அக்கா மாடத்தை நிமிர்ந்து பார்த்து, யாருக்கும் தெரியாமல் இரண்டு விரலால் மேசையைத் தட்டினார். பேருந்தில் 'போலாம்' என்று தங்கை தட்டுவாளே, அதே தட்டு.

கண்டக்டரம்மா பெருமையில் அப்படியே பின்னால் சாயப்போனார்.

"பாத்தும்மா!" என்றார் மாடக் காவலர். "அது வெறும் பலகை. பின்னாடி ஒண்ணும் இல்ல."

"தெரியும் தம்பி. அதுக்கு இன்னொரு மசோதா வேணும்," என்று சொல்லிவிட்டு, அவர் சாயாமலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார்.