மழைக்கோட்டின் முதுகு

"முதுகுல எம்ப்ராய்டரி வேண்டாங்க. அது மழைக்கோட்டு. ஊசி போன இடமெல்லாம் தண்ணி இறங்கும்."

"நூல் நெருக்கமா ஓடினா ஓட்டை எங்க தெரியும் பிள்ளே? ஆர்டர் தந்தவர்கிட்ட சொல்லியாச்சு. நீ மாத்திப் பேசாத."

போன செவ்வாய்க்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது அனுஷா சொன்னதும், அதற்குக் கணவன் சுஜின் சொன்ன பதிலும் அவள் காதை விட்டுப் போகவேயில்லை. இப்போது குளியலறையில், அவன் தைத்து முடித்த மாதிரிக் கோட்டைக் கம்பியில் மாட்டி, முதுகிலிருந்த பெரிய கம்பெனி லோகோவின் மேல் குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாவது குவளைக்குப் பிறகு உள்பக்கம் கையை விட்டுத் தடவினாள். விரல்கள் நனைந்தன.

பழவங்காடியில் ஒரு மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் எம்ப்ராய்டரி மெஷின், சூட்டில் அழுத்தித் துணியை ஒட்டும் ஹீட் பிரஸ், வருகிறவர்கள் உட்கார ஒரு மேசை. உள்ளறையில் குடித்தனம். தொழில் இருவருக்கும் பொதுதான். ஆனால் ஆள் வந்தால் அனுஷா உள்ளே போய் டீ போடுவாள். பேச்சைச் சுவர் வழியாகத்தான் கேட்பாள். அவள் சொன்ன யோசனையையே இரண்டு நாள் கழித்து சுஜின் தன்னுடையதாக யாரிடமாவது சொல்வதும் அந்தச் சுவர் வழியாகக் கேட்கும். அவள் காய்ச்சலில் கிடந்தபோது பத்து நாள் கஞ்சி ஊட்டிய மனிதன்தான். தொழில் என்று வந்தால் வேறு ஆள்.

மொபைல் டவரில் ஏறி வேலை செய்கிறவர்களுக்கு அறுபது கோட்டுகள் மூலையில் அடுக்கியிருந்தன. கழக்கூட்டத்திலிருந்து அந்த டவர் கம்பெனியின் மேலாளர் வெங்கடகிருஷ்ணன் நாலு மணிக்கு மாதிரியைப் பார்க்க வருகிறார். அவர் தலையாட்டினால் இன்றே அறுபது முதுகிலும் ஊசி இறங்கிவிடும்.

ஈரக் கோட்டை முன்னறைக்குக் கொண்டுவந்து உள்ளே திருப்பிக் காட்டினாள். சுஜின் விரலை வைத்துப் பார்த்தான். துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். பின்னால் ஒரு துணியை வைத்து ஹீட் பிரஸ்ஸில் ஒட்டிவிடலாம் என்றான். தண்ணீரைத் தடுக்கும் உள்பூச்சு சூடு தாங்காது என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பிரஸ்ஸை இறக்கிவிட்டான். தூக்கியபோது பூச்சு அப்பளம் போலப் பொரிந்திருந்தது.

மணி மூன்று.

"கொஞ்சம் ஈரந்தானே. சாரமில்ல, ஒண்ணும் ஆகாது," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அத்தன உயரத்துல நனைஞ்சு நிக்கறவன்கிட்ட போய்ச் சொல்லுங்க அத."

அவன் கத்தரியை மேசையில் எறிந்தான். அவள் அதையே எடுத்துக்கொண்டாள். தடித்த துணி ஒன்றை ஃப்ரேமில் இறுக்கி, லோகோவைச் சிறிதாக்கி மெஷினை ஓடவிட்டாள். முடிந்ததும் ஓரம் வெட்டி, புதுக் கோட்டு ஒன்றின் மார்புப் பையை மூடும் பட்டையைத் தூக்கி, அதில் மட்டும் வைத்துத் தைத்தாள். பட்டை வெளியே தொங்குவது. அங்கே எத்தனை துளை விழுந்தாலும் உடம்புக்குத் தண்ணீர் போகாது. தண்ணீர் ஊற்றினாள். உள்ளே காய்ந்தே இருந்தது.

சுஜின் அதை வெகுநேரம் தடவிப் பார்த்தான்.

"தூரத்துல இருந்து தெரியணும், முதுகுலதான் வேணும்னாரு. நானும் ஆகும்னுட்டேன். இனி எந்த முகத்தோட மாத்திச் சொல்ல?"

குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அதுதான் அனுஷாவை அதிகம் கலங்க வைத்தது.

கீழே பைக் வந்து நின்றது. சுஜின் கெட்டுப்போன கோட்டை மேசைக்கடியில் தள்ளினான். பிறகு, பொரிந்த பக்கம் தெரியாதபடி, முதுகு லோகோ மட்டும் தெரிய மடித்து அதையே எடுத்து மேசைமேல் வைத்தான். படியில் செருப்புச் சத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

"நீ உள்ள போய் டீ போடு," என்றான்.

அவள் உள்ளறை வாசல் வரை போனாள். திரும்பி வந்து, சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்து அவன் நாற்காலிக்கு ஒட்டிப் போட்டாள்.

"ஆள் வந்தா நானும் உங்க பக்கத்துல உட்காரணுங்க. மூணு வருஷமா கேக்கணும்னு இருக்கேன்."