கெடஸ் பள்ளத்துக்கு எத்தனை மதிப்பெண்

கோல்ஃப் மைதானத்துக்கு மதிப்பெண் போடுவது என் வேலை என்றால் எல்லாரும் முதலில் சிரிப்பார்கள். "புல்லுக்குப் போய் யாராவது மார்க் போடுவாங்களா?" என்று என் தங்கை இன்னும் கேட்கிறாள். போடுவோம். எந்தக் குழி எவ்வளவு கஷ்டம், எந்த மேடு ஆளை ஏமாற்றும், எந்த மணல்பள்ளம் பந்தை விழுங்கும் என்று நடந்து, அளந்து, பூஜ்யத்திலிருந்து பத்து வரை போடுவோம். அதற்காக இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவன் கெட்டிக்காரன், நினைத்த இடத்தில் பந்தைப் போடுவான். இன்னொருவன் நம்மைப் போல. அடித்துவிட்டுக் கடவுளைக் கூப்பிடுவான். அந்தக் கெட்டிக்காரன், என்னோடு மதிப்பெண் போட வரும் ஃபெர்கஸ் இம்லாக்கின் பொறுப்பு. அந்தப் பாவப்பட்டவன் என் பொறுப்பு. அவனுக்காக நான் இம்லாக்கோடு எத்தனையோ மைதானங்களில் சண்டை போட்டிருக்கிறேன்.

அந்த ஏப்ரலில் எங்களைப் போர்ட்லென்னன் என்ற கடற்கரை ஊரின் மைதானத்துக்கு அனுப்பினார்கள். எங்களோடு வர வேண்டிய மூன்றாவது ஆள் முழங்கால் வலி என்று படுத்துவிட்டார். இம்லாக் வண்டி ஓட்டினார். எல்கின் ஊரைத் தாண்டினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீங்க வந்தே ஆகணும்னு இல்ல எல்ஸ்பெத். வேற ஆளை அனுப்பச் சொல்லியிருப்பேன்."

"ஏன், எனக்கு அளக்கத் தெரியாதா?"

"அதுக்குச் சொல்லல."

"எதுக்குச் சொல்றீங்கன்னு தெரியும். ரோட்டைப் பாத்து ஓட்டுங்க, ஆடு குறுக்கே வருது."

அவர் தயங்கியதற்குக் காரணம் உண்டு. போர்ட்லென்னனில் பன்னிரண்டாவது குழிக்குப் போகும் வழியில் இருக்கும் மணல்பள்ளத்துக்கு என் கணவர் பெயர்தான். கெடஸ் பள்ளம். எங்கள் பக்கத்தில் இது மரியாதைக்காக வைக்கும் பெயர் இல்லை. எந்தப் பள்ளத்தில் எவன் மானம் போகிறதோ, அன்று சாயங்காலமே பார் மேசையில் வைத்து அவன் பெயரை அதற்குச் சூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவன் செத்தாலும் பெயர் போகாது.

என் கணவர் மர்டக் அப்போது அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கோப்பைக்கான கடைசி நாள் ஆட்டத்தில் அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு, அந்தக் குழிக்கு மட்டும் ஒன்பது அடி என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். குறைந்த அடியில் முடிப்பவனுக்கே கோப்பை என்பதால், ஒரே ஓர் அடி கூடியதில் அது கைநழுவியது. அவ்வளவுதான், ஊருக்குக் கொண்டாட்டம். மீன்கடைக்குப் போனால், "என்ன வாத்தியாரே, ஒம்போது மீன் கட்டட்டுமா?" என்பார்கள். வகுப்புக்குப் போனால் கரும்பலகையில் பெரிதாக ஓர் ஒன்பது இருக்கும். அவரும் சிரித்துக்கொண்டே அழிப்பார். வீட்டுக்கு வந்தால் சிரிப்பு இருக்காது. மறுவருடம் எல்கினுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். அதன் பிறகு அவர் மட்டையைத் தொடவே இல்லை.

நான் மதிப்பெண் போடும் வேலைக்கு வந்ததே அந்தப் பள்ளத்தின் மேல் இருந்த ஆத்திரத்தில்தான். அது நியாயமான பள்ளமா, இல்லை ஒரு நல்ல மனுஷனைக் கவிழ்க்க எவனோ வெட்டிய பொறியா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆனால் மர்டக், "எங்க வேணாலும் போ எல்ஸி, அங்க மட்டும் போகாத" என்றார். போகவில்லை. போன வருடம் அவர் போய்விட்டார். சாம்பலைக் கடலில் கரைக்கச் சொல்லியிருந்தார், கரைத்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அப்போதுதான் போர்ட்லென்னன்காரர்கள் மதிப்பெண் போடும் எங்கள் சங்கத்திடம் ஒன்று கேட்டிருந்தார்கள். பராமரிக்க ஆள் போதவில்லை, கெடஸ் பள்ளத்தை மூடலாம் என்று இருக்கிறோம், மூடினால் மைதானத்தின் மதிப்பு இறங்குமா? இறங்காது என்றால் கோடைக்குள் மூடிவிடுவார்கள். அதைப் படித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. என் கையாலேயே அதை மூட வைக்கிறேன் பார் என்று கிளம்பி வந்தேன்.

கிளப்பின் கேப்டன் கேலம் ஸ்ட்ரக்கன் எங்களோடு நடந்தான். நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாத ஆள். என்னை எல்ஸ்பெத் என்று மட்டும்தான் இம்லாக் அறிமுகம் செய்திருந்தார். பன்னிரண்டாவது குழிக்கு வந்ததும் கேலமுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"இதுதாங்க கெடஸ் பள்ளம். கதை கேட்டிருக்கீங்களா? கெடஸ்னு ஒரு வாத்தியார். கோப்பை கைக்கு வந்தாச்சு. இங்க வந்து விழுந்தாரு பாருங்க, ஒம்போது அடி! கணக்கு வாத்தியாருக்கு எண்ணிக்கையே மறந்து போச்சாம். வெளிய வர ஏணி கேட்டாருன்னு எங்கப்பா சொல்வாரு."

இம்லாக் திடீரென்று குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார். அது ஏற்கனவே கட்டித்தான் இருந்தது.

நான் பள்ளத்தைப் பார்த்தேன். எத்தனை வருடம் கனவில் திட்டிய பள்ளம்! என் இடுப்பளவுதான் இருந்தது. ஓரத்தில் ஒரு சின்ன மரப்பலகை, அதில் வெள்ளை எழுத்தில் 'கெடஸ்'. மழையில் உரியும் எழுத்துக்கு யாரோ வருடாவருடம் வண்ணம் பூசியிருக்கிறார்கள். அந்தப் பெயரை வெளியில் எங்காவது எழுதிப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். அவர் போன பின் வீட்டுக்கதவில் எல்ஸ்பெத் என்று மட்டும் எழுதி ஒட்டிவிட்டார்கள். கல்லறை கிடையாது. இதை மூடினால் உலகத்தில் அவர் பெயர் எழுதியிருக்கும் கடைசி இடமும் போய்விடும். அழித்துவிட வந்த நான், பலகையில் ஒட்டியிருந்த மணலைக் கையால் துடைத்தேன்.

"ஏழு," என்றேன்.

"என்னம்மா?"

"ஏழு அடிதான் அடிச்சாரு. மிச்சம் ரெண்டு, அவரே அவருக்குப் போட்டுக்கிட்ட தண்டனை. மட்டையைப் பின்னால தூக்கும்போது, தொடக் கூடாத மணல்ல உரசிடுச்சு. கூட ஆடினவன் பாக்கல, நடுவர் பாக்கல, ஒருத்தரும் பாக்கல. இவரே ரெண்டு சேத்துச் சீட்டுல எழுதினாரு. எழுதாம இருந்திருந்தா கோப்பை எங்க வீட்டு அலமாரில இருந்திருக்கும்."

கேலமின் முகம் வெளுத்தது. "உங்க வீட்டு...?"

"நான் எல்ஸ்பெத் கெடஸ். ஏணியெல்லாம் அவரு கேக்கல தம்பி."

பாவம், அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கினான். "மன்னிச்சிருங்கம்மா. எனக்குச் சத்தியமாத் தெரியாது. எங்கப்பா இதைச் சொன்னதே இல்ல. வாத்தியாரு ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

நானும் அதைத்தான் மர்டக்கிடம் கேட்டேன், கத்தினேன். "சீட்டுல ஒம்போதுதானே இருக்கு எல்ஸி, அப்ப ஒம்போதுதான். இதுக்குப் போய் விளக்கம் வேறயா?" என்றுவிட்டார். இப்போது அவர் காத்த மௌனத்தை நான் போட்டு உடைத்துவிட்டேன். உடைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை.

கேலம் இம்லாக்கைப் பார்த்தான். "சார், இந்தப் பள்ளத்துக்கு ஒரு மார்க் கிடைச்சாலும் போதும். மூடக் கூடாதுன்னு கமிட்டியில நான் பேசிக்கிறேன்."

"கெட்டிக்காரனுக்கு இது ஒண்ணும் கிடையாது," என்றார் இம்லாக். என்னைப் பார்க்காமல், கடலைப் பார்த்துச் சொன்னார். "ஆனா எல்ஸ்பெத்தோட ஆளு எங்க வேணாலும் அடிப்பான். அவங்க ஒண்ணு போட்டா நான் கையெழுத்துப் போடுவேன். ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

என்னோடு ஒவ்வொரு அரை மதிப்பெண்ணுக்கும் மல்லுக்கு நின்ற மனுஷன்! அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்திவிட்டு, அளவு நாடாவை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

முதல் அடி அடிக்கும் பழைய மேடை இப்போது இல்லை. மூன்று குளிர்காலத்துக்கு முன் கடல் அதைத் தின்றுவிட்டதாம். அறுந்து நிற்கும் கரையின் விளிம்பில் போய் நின்று பார்த்தேன். அங்கிருந்து பார்க்கும்போதுதான் புரிந்தது. பேராசைப்பட்டு நேராக அடிப்பவனுக்குச் சரியாகக் குறுக்கே வந்து நிற்கும் பள்ளம். இடப்பக்கம் அகலமாக வழி விட்டிருந்தார்கள். அடங்கி ஆடுபவன் ஓர் அடி கூடக் கொடுத்துவிட்டுப் பத்திரமாகப் போகலாம். பொறி இல்லை, சூது இல்லை. அருமையாக யோசித்து வெட்டிய, நியாயமான பள்ளம். அதை வெறுத்தே நான் கிழவியாகிவிட்டேன்.

புது மேடை வெகுதூரம் முன்னால் வந்துவிட்டது. அங்கிருந்து அளந்தேன். என் பாவப்பட்டவனை நிற்க வைத்தேன். இதுவரை எந்த மைதானத்திலும் அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்ததில்லை, இன்று கெஞ்சினேன். கொஞ்சம் மோசமாக அடிடா என்றேன். எதிர்காற்று வைத்துப் பார்த்தேன், ஈரப்புல் வைத்துப் பார்த்தேன். அவன் அடித்த பந்தெல்லாம் பள்ளத்துக்கு மேலே பறந்து அப்பால் போய் விழுந்தது.

பள்ளத்துக்குத் திரும்பி வந்து உள்ளே இறங்கினேன். மணலில் முயல் ஓடிய தடமும் கடற்பறவைக் கால்தடங்களும் இருந்தன. மனிதக் கால்தடம் ஒன்றுகூட இல்லை. பெயர்ப்பலகைக்கு வண்ணம் பூசுகிறார்களே தவிர, அந்தப் பெயரைச் சொல்லித் திட்ட வேண்டிய நிலைமை எவனுக்கும் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"என்ன போடட்டும்?" மேலே நின்று இம்லாக் கேட்டார். பேனா தயாராக இருந்தது. கேலம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

ஒன்று என்று வாய்வரை வந்தது. ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். இதே இடத்தில் நின்றுதான் மர்டக்கும் அப்படி ஒரு கணம் நினைத்திருப்பார் என்று தோன்றியது. அவர் பெயரைக் காப்பாற்ற அவர் செய்யாததை நான் செய்தால், பலகையில் இருப்பது யார் பெயர்?

"பூஜ்யம்," என்றேன்.

"எல்ஸ்பெத்..."

"பூஜ்யம்னா பூஜ்யம்தான் ஃபெர்கஸ். எழுதுங்க."

அவர் எழுதினார். கேலம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பலகையையாவது எடுத்துப் போகிறீர்களா என்று தணிந்த குரலில் கேட்டான். வேண்டாம் என்றேன், மண்ணைப் போடும்போது அதையும் உள்ளே போட்டு மூடச் சொன்னேன்.

பிறகு இம்லாக் கை கொடுத்து என்னை மேலே தூக்கிவிட்டார். பள்ளத்தின் ஓரத்தில் மணலைச் சமன் செய்ய ஒரு வாரி கிடந்தது. உள்ளே இறங்கியவர்கள் தங்கள் தடத்தை அழித்துவிட்டுத்தான் ஏற வேண்டும். அழிக்காமல் போகிறவர்களை நானும் இம்லாக்கும் ஆயுள் முழுக்கத் திட்டியிருக்கிறோம். பழக்க தோஷத்தில் அவர் வாரியை எடுத்துக் குனிந்தார்.

"வேண்டாம் ஃபெர்கஸ். அது அப்படியே இருக்கட்டும்."

அவர் வாரியைக் கீழே வைத்தார். நாங்கள் பதின்மூன்றாவது குழிக்கு நடந்தோம். வெகுகாலத்துக்குப் பிறகு கெடஸ் பள்ளத்துக்குள் ஓர் ஆள் வந்து போன தடம் இருந்தது.