ஏரி நிலத்தில் ஒரு விடுதி

முடிச்சூரைத் தாண்டி வரவிருந்த ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஹெப்சி பெண்கள் விடுதிக் காப்பாளராக இருந்தாள். அரசு அனுமதி இதோ வந்துவிடும் என்று சொல்லியே முதலாண்டு வகுப்புகளைத் தொடங்கியிருந்தார்கள்.

நவம்பர் மழை விடாமல் பெய்தது. ஒரு மதியம் சமையலறையில் தண்ணீர் தெரிந்தது. அது வாசல் வழியாக வரவில்லை. தரை ஓடுகளின் இடுக்கிலிருந்து ஊறி வந்தது. 2015 வெள்ளத்தில் ஹெப்சியின் வீட்டிலும் இப்படித்தான் தொடங்கியது.

தாளாளர் ஏகநாதனை ஃபோனில் பிடித்து, பிள்ளைகளை அனுப்ப பஸ் கேட்டாள். அவர் தயங்கிவிட்டு உண்மையைச் சொன்னார். அனுமதி இல்லையென்று காலையில்தான் தெரிந்ததாம். ஏரி நிலத்தில் கட்டியிருப்பதுதான் காரணமாம்.

"இப்ப பொண்ணுங்க வீட்டுக்குப் போனா விஷயம் வெளிய வந்துடும் மேடம். மழை விடுற வரைக்கும் மாடியிலயே வெச்சிருங்க."

அதன்பின் அவர் பேசியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. மாடியில் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இங்கேயே இருந்தால் கட்டடம் தாங்குமா? தண்ணீரில் இறக்கி, ஒருத்தி போய்விட்டால்? படியிலேயே நின்றாள். அப்போது பின்பக்கச் சுற்றுச்சுவர் மொத்தமாகச் சரிந்தது. சிரிப்பு நின்றது.

ஹெப்சி சொன்னபடி, துப்பட்டாக்களை முடிச்சுப் போட்டுப் பிடித்துக்கொண்டு எல்லோரும் இறங்கினார்கள். முழங்காலளவு இருந்த தண்ணீர் கேட் அருகே இடுப்புக்கு வந்தது. சாலை எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. நடுவில் வந்த சுஜி என்ற மாணவி வழுக்கி உள்ளே போனாள். ஹெப்சி தண்ணீருக்குள் துழாவினாள். கையில் சகதிதான் வந்தது. மறுபடி துழாவியபோது தலைமுடி சிக்கியது. இழுத்தாள்.

மெயின் ரோட்டிலிருந்த சர்ச்சுக்கு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். சாயங்காலம் பெற்றோர் வந்தார்கள். சுஜியின் அப்பா சுந்தர்சிங் மகளைத் துண்டால் போர்த்திவிட்டு, காலேஜ் மறுபடி எப்போது திறக்கும் என்று கேட்டார்.

சுற்றிலும் எல்லோரும் ஹெப்சியையே பார்த்தார்கள்.

"திறக்காது சார். அதுக்கு அனுமதியே கிடைக்கல. அது ஏரி."

அவர் கையை ஓங்குவார் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்து அழும் சத்தம்தான் கேட்டது.

பல்கலைக்கழகம் மறுபடி திறக்கவேயில்லை. சுஜி அடுத்த வருடம் வேறு கல்லூரியில் முதலிலிருந்து தொடங்கினாள். ஹெப்சி மேடவாக்கத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறாள். மழை வலுத்தால் இப்போதும் எழுந்துபோய்த் தரையைத் தொட்டுப் பார்க்கிறாள்.