மூன்று பத்து முதல் மூன்று இருபத்து மூன்று வரை

இருபது வாக்கியங்களில் பத்தொன்பதைச் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார் ஓய்வுபெற்ற தபால்காரர். சந்தை இரைச்சலை ஓடவிட்டு, நடுவில் வாக்கியங்களைப் போட்டுச் சோதிப்பார்கள். புதுக் காதுக்கருவியைப் பதினைந்து நாள் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஆறு மாதத்தில் வேறு யாரும் பதினாறைத் தாண்டியதில்லை. சோதனையை நடத்திய பெண் பொறியாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கருவிக்குள் இரைச்சலைக் குறைக்கும் நிரலில் பாதி அவள் எழுதியது.

"வீட்டுல எப்படி இருந்துச்சு சார்?"

"நிம்மதியா இருந்துச்சும்மா. ஃபேன் சத்தம்கூட இல்ல." இரண்டு கருவிகளையும் கழற்றப் போனவர் கையை இறக்கிக்கொண்டார். "போன செவ்வாக்கிழமை வீட்டுக்காரி தவறிட்டா."

"ஐயோ... இன்னைக்கு நீங்க வந்திருக்கவே வேணாமே சார்."

"வரேன்னு சொல்லிட்டேன்ல. வீட்டுல உக்காந்து மட்டும் என்ன பண்ண?" நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். "உடம்பு சரியில்லன்னு உள் ரூம்ல படுத்திருந்தா. நான் இந்தப் பக்கம் பேப்பர் படிச்சுட்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்துச்சு. நாலு மணிக்கு டீ எடுத்துட்டுப் போறேன்..." கருவிகளைக் கழற்றி நீட்டினார். "இதுல எல்லாம் பதிவாகும்னீங்களே. அவ கூப்பிட்டாளான்னு பாத்துச் சொல்லும்மா."

கருவிகளை வாங்கிக் கணினியில் இணைத்தாள். சத்தத்தை அது சேமிப்பதில்லை. கேட்டது பேச்சா, இசையா, இரைச்சலா, அமைதியா என்று நிமிடத்துக்கு ஒரு வரி எழுதிவைக்கும், அவ்வளவுதான். செவ்வாய், மூன்று ஒன்பது: அமைதி. மூன்று பத்து: இரைச்சல், குறைக்கப்பட்டது. அதே வரி பதினான்கு முறை. பிறகு நாலு மணி வரைக்கும் அமைதி.

பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாராக இருக்கலாம். ஆனால் சொல்லாக இல்லாமல் ஒரே சுருதியில் இழுக்கும் முனகலும் அந்த நிரலுக்கு மோட்டார்தான். மூன்று மாதம் முன்பே இதை அவள் மேலாளரிடம் சொல்லியிருந்தாள். "முனகலைக் கேக்கவா காசு குடுத்து வாங்கறாங்க?" என்று அவர் சிரித்தார். அவளும் கூடச் சிரித்தாள்.

திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "இது சத்தத்தைப் பதிவு பண்ணாது சார்," என்று பெரியவர் முகத்துக்கு நேராக உரக்கச் சொன்னாள்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "அப்போ அவ கூப்பிடலன்னே வச்சுக்கறேன்." கருவிகளை ஒப்படைத்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "பத்தொன்பதா! பிரமாதம். அறிக்கையில மார்க்கை மட்டும் போடு. வீட்டுப் பதிவெல்லாம் எதுக்கு, பாவம், துக்கத்துல இருக்கற மனுஷன்."

அவள் பதினான்கு வரிகளையும் அறிக்கையில் ஒட்டிச் சேமித்தாள். பிறகு எழுந்து தெருவுக்கு ஓடினாள்.

பேருந்து நிறுத்தத்தில் கூட்டத்தோடு நின்றிருந்தார். "சார்!" என்று இரண்டு முறை கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. தோளைத் தொட்டாள்.

"நான் முழுசாச் சொல்லல சார். மூணு பத்துலேருந்து ஏதோ ஒரு சத்தம் வந்திருக்கு."

"என்னம்மா?"

"சத்தம் வந்திருக்கு சார். கருவிதான் அதை அடக்கிடுச்சு."

பேருந்து உறுமிக்கொண்டு வந்து நின்றது. ஏறப்போனவர்கள் இவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உள்ளங்கையைக் குவித்துக் காதோரம் வைத்துக்கொண்டு, அவள் உதட்டையே பார்த்தபடி குனிந்தார்.

"கேக்கலம்மா. இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு."